வளிநூல் கேட்ட விலை

செவ்வாயில் ஒரு நாள் மூச்சின் விலை பதினோரு பணம். பேரம் பேசினால் எட்டு. பேசாமல் கொடுப்பவரைக் குமிழ்நகரில் யாரும் மதிப்பதில்லை.

காற்றுக்கடை சவுந்திரபாண்டி அண்ணாச்சி அன்று காலை மூன்றாம் முறையாக மயங்கி விழுந்தார். காதுக்குப் பின்னே பதித்த மூளைச்சில்லுக்குள் ‘வளிநூல்’ என்ற அறிவியல் நூலகத்தை இறக்குமதி செய்யும்போதெல்லாம் இதே கதைதான். கண்முன் ஒரு பச்சைக்கோடு பாதிவரை ஓடும். அடுத்த நொடி ஆள் கல்லாமேல் சரிந்து கிடப்பார்.

விளையாட்டுக் காரியமில்லை. புழுதிப்புயல் வந்துகொண்டிருந்தது. அது ஓயும்வரை ஊருக்கு எத்தனை உருளை காற்று வேண்டும் என்று வளிநூல்தான் கணக்கிட்டுச் சொல்லும். சரக்குக்கப்பலோ சாயங்காலம் கிளம்பிவிடும். குறைத்து வாங்கினால் ஊர் மூச்சுத் திணறும். கூட்டி வாங்கினால் கடை மூழ்கும்.

சில்லுப் பழுது பார்க்கும் இசக்கியம்மாள் வந்தாள். அணைத்துப் போட்டாள். நூலகத்தைக் கழற்றி மறுபடி ஏற்றினாள். பழைய பதிப்பையும் போட்டுப் பார்த்தாள். அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் தவறாமல் விழுந்தார்.

“இறக்குமதியிலயே தல நரச்சவன் நான். எனக்கே இறங்க மாட்டேங்குதே தாயி!”

“செத்த வாய மூடுங்க அண்ணாச்சி. உள்ள சில்லும் நூலகமும் என்ன பேசிக்கிடுதுன்னு கேப்போம்,” என்று ஒலிபெருக்கியை அவர் சில்லோடு இணைத்தாள்.

“எனக்கு நினைவகத்தில் பதினாறு அறை இடம் வேண்டும்,” என்றது வளிநூல், மரியாதையாக.

“எட்டு தாரேன். இஷ்டம்னா வா, இல்லன்னா நடையக் கட்டு.” சில்லின் குரல் அச்சு அசல் அண்ணாச்சியின் குரல்.

பாவம், பூமியில் எழுதப்பட்ட நூலகம். “சரி,” என்று எட்டு அறைக்குள் நுழைந்து, ஒன்பதாவதைத் தேடிப்போய்ச் சுவரில் முட்டியது. அண்ணாச்சி விழுந்தார்.

“முப்பது வருசமா என் தலைக்குள்ள கெடக்கு. என் புத்திதான வரும்?” என்று எழும்போதே பெருமைப்பட்டார்.

“அந்தப் புத்திய அழிச்சிரட்டுமா?”

“ஐயய்யோ, கட என்னத்துக்காவும்?”

“அப்ப நூலகத்துக்குச் சொல்லிக்குடுக்கேன். நல்லாப் பழகிக்கிடும்.” இசக்கியம்மாள் வளிநூலிடம் ஒரே வரி சொன்னாள்: “இந்தத் தலைக்குள்ள எதச் சொன்னாலும் ரெண்டு மடங்காச் சொல்லு.”

வளிநூல் முப்பத்திரண்டு அறை கேட்டது. சில்லு பதினாறு தந்தது. பச்சைக்கோடு கடைசிவரை ஓடியது. அண்ணாச்சி நின்றபடி நின்றார்.

இசக்கியம்மாள் கூலியை வாங்கிக்கொண்டு போனதும், “எத்தன உருள?” என்று அண்ணாச்சி வளிநூலிடம் கேட்டார்.

“நூறு.”

‘அம்பதுக்கு முடி’ என்பது உதடு வரை வந்துவிட்டது. நெற்றிப் புடைப்பைத் தடவிப் பார்த்தார். பேரம் பேசித்தானே இத்தனை முறை விழுந்தோம்? ஊர் மூச்சிலுமா பேரம்? ஆயுளில் முதல் தடவையாக, சொன்ன கணக்கைச் சொன்னபடி ஏற்றார். கையிலிருந்த பணம் பாதிக்குத்தான் வந்தது. மீதிக்குக் கடையையே அடமானம் வைத்தார். கப்பல்காரன் மிரண்டுபோய், “ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா அண்ணாச்சி?” என்று விசாரித்துவிட்டுத்தான் உருளைகளை இறக்கினான்.

புயல் ஓய்ந்தது. அடுத்த கப்பல்கள் வந்து காற்று விலை படுத்துவிட்டது. கடையில் ஐம்பது உருளைகள் மூடி திறக்காமல் நின்றன.

“என்ன கணக்கு இது?” என்று தலைக்குள் கத்தினார்.

வளிநூல் இப்போது ஊர்ப்பேச்சும் பழகியிருந்தது. “தேவை அம்பதுதான். எப்படியும் பாதியாக் கொறைப்பீயன்னு நூறு சொன்னேன். சொன்னத அப்படியே வாங்கிட்டியளே! நம்மூர்ல எவனாவது அப்படிச் செய்வானா அண்ணாச்சி?”

தேவை ஐம்பது. வாங்கியது நூறு. மிச்சம் ஐம்பது. கடை, அடமானத்தில்.