கலை பக்கம் திரும்பிய கேமரா

“அக்கா, அது என்னையே பாக்குது.”

ரஞ்சனி அப்போதுதான் ஸ்கூல் பையைக் கழற்றிப் போட்டிருந்தாள். தம்பி கலைவேந்தன் இப்படித்தான். பல்லி பார்க்கிறது என்பான், காலண்டரில் இருக்கும் சாமி பார்க்கிறது என்பான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஊரே தன்னைப் பார்ப்பதாக நினைப்பு.

“இன்னாடா பாக்குது?”

“கேமரா!”

பிரிட்ஜ் மேல் கொய்யாப்பழம் அளவில் உட்கார்ந்திருந்தது அந்த வெள்ளைக் கேமரா. அம்மா அமிர்தம் வாங்கி வைத்தது. அம்மாவுக்கு திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் வேலை. அப்பா அரிகிருஷ்ணன் ஜேசிபி ஓட்டுகிறவர், வேலை கிடைத்த ஊரிலேயே தங்கிவிடுவார். ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகளை அம்மா டீ நேரத்தில் போனில் பார்த்துக்கொள்ளத்தான் இந்தக் கேமரா. போனிலிருந்தே அதன் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பலாம்.

“அம்மா திருப்புதுடா” என்று சொல்ல வாயெடுத்த ரஞ்சனி அப்படியே நின்றாள். டீ நேரம் இன்னும் ஆகவில்லையே! கம்பெனிக்குள் போன் கூடாது. அம்மாவின் போன் இப்போது லாக்கரில் அல்லவா இருக்கும்?

கலை இரண்டடி தள்ளிப் போனான். கேமரா மெல்லத் திரும்பியது. அவன் கதவுப் பக்கம் வந்தான். அதுவும் கூடவே வந்தது.

பிறகு அதற்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம். யாரோ ஓர் ஆள் புரியாத பாஷையில் ஏதோ சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

கலை ஓடி வந்து அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். ஓடிப்போய்த் தெருவில் நின்று கத்தலாமா என்றுகூட ரஞ்சனிக்குத் தோன்றியது. ஆனால் கை தானாக நீண்டது. கேமராவும் ரவுட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் செருகியிருந்தன. சுவிட்சைப் பட்டென்று அணைத்தாள். இரண்டும் செத்தன.

அப்புறம் நாலா பக்கமும் கூச்சல்!

“டேய், நெட்டு போச்சுடா!” வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பையன்களின் குரல்.

“ரஞ்சனி, கரண்டு போச்சா இன்னா?” இது பக்கத்து வீட்டு சகாயராணி அக்கா.

எதிர்வீட்டு மாடியிலிருந்துகூட யாரோ “ஐயோ” என்றார்கள்.

அடேயப்பா, இத்தனை பேரா நம்ம வைஃபையில் இருக்கிறார்கள்? ரஞ்சனிக்குக் காரணம் தெரியாமல் இல்லை. கலைக்குக் காது குத்தியபோது அப்பா முச்சந்தியில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் கட்டினார். கூலிங்கிளாஸ் போட்ட கலை நடுவில் நிற்க, சுற்றிலும் மாமன், சித்தப்பா முகங்கள். அடியில் கொட்டை எழுத்தில், “வருகை தரும் அனைவருக்கும் வைஃபை இலவசம்!” என்று போட்டு, பாஸ்வேர்டையும் போட்டுவிட்டார். கலையின் பெயரை இங்கிலீஷில் எழுதி, பின்னால் ஒன்று இரண்டு மூன்று. வந்தவர்களுக்கு மரியாதை செய்கிறாராம்! விருந்து முடிந்து மாதமாகிவிட்டது, பேனரை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை.

ஆனால் நம்ம ஊர் சேலியமேட்டு ஆட்கள் இப்படிப் புரியாத பாஷை பேச மாட்டார்களே? அதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நேற்றே கேமரா தானாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அம்மா முகம் வாடிப்போய், “இத்த நம்பித்தான்டி உங்கள வுட்டுட்டுப் போறேன். இதுவே சரியில்லன்னா வேலைய வுட்டுட்டு வூட்டோட கெடக்க வேண்டியதுதான்” என்றாள்.

வருகிற திங்களிலிருந்து அம்மா லைன் லீடர். பேக்கிங் மேசையில் உட்கார்ந்திருந்தவளை எழுப்பி, இருபது பேரை மேய்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சேதியை அம்மா எத்தனை தடவை சொன்னாள்! தோசை ஊற்றும்போது சொன்னாள், தலை பின்னும்போது சொன்னாள். கேமராவில் ஒருவன் சிரித்தான் என்று தெரிந்தால் அவ்வளவுதான். திங்களும் கிடையாது, லைன் லீடரும் கிடையாது.

ரஞ்சனி ரவுட்டரை எடுத்துத் திருப்பினாள். ஆயுத பூஜைக்கு அம்மா அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். எங்கே வைத்தாள் தெரியுமா? பாஸ்வேர்டு ஸ்டிக்கர் மேலேயே! ஈரத்துணியால் பக்குவமாகத் துடைத்தாள். ரவுட்டருக்குள் நுழையும் விலாசமும் பாஸ்வேர்டும் தெரிந்தன. நெட் மாட்ட வந்தவர் அன்றைக்கு அப்பாவுக்குக் காட்டிக்கொடுத்தபோது அவளும் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான்.

கேமராவின் ஒயரைத் தனியாகப் பிடுங்கிவிட்டு, ரவுட்டரை மட்டும் உயிர்ப்பித்தாள். அம்மாவின் பழைய போனில் அந்த விலாசத்தைத் திறந்து பாஸ்வேர்டை அடித்தாள்.

தவறு என்றது. மறுபடி அடித்தாள். மறுபடியும் தவறு.

யாரோ மாற்றியிருக்கிறார்கள்! பின்னால் சின்ன ஓட்டை ஒன்று இருந்தது. ஊசியால் குத்தினால் எல்லாம் புதுசு போல் ஆகிவிடும். தாவணி ஊக்கு ஒன்றைத் தேடி எடுத்துக் குத்தவும் போனாள். “இதுல மட்டும் கை வைக்காதீங்க, லைன் செட்டிங்கும் சேந்து அழிஞ்சிடும், நான் வந்தாத்தான் நெட்டு வரும்” என்று மாட்ட வந்தவர் சொன்னது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

“கலை, அப்பாவ வுட்டா வேற யாராவது இத்த நோண்டுனாங்களா?”

கலை உதட்டைக் கடித்தான். “சொல்ல மாட்டேன்.”

“ஏன்டா?”

“சிலம்பு அண்ணன் சொல்லக் கூடாதுன்னு சாக்லேட் வாங்கிக் குடுத்துச்சி.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

சிலம்பரசன் பெரியம்மா மகன். பதினொன்றாம் வகுப்பு. போன் கையில் இல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ரஞ்சனி கலையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். சுவரோரம், வேப்பமர நிழலில், கூட்டாளிகள் நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, ரவுட்டர் பாஸ்வேர்ட மாத்துனியா?”

“யார் சொன்னது? நான் ஏன் மாத்தப் போறேன்?”

“எங்க கேமராவுல எவனோ ஒருத்தன் பேசுறான். கலையப் பாத்து சிரிக்கிறான்.”

கூட்டாளிகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். சிலம்பரசன் சிரிக்கவில்லை. கலையின் முகத்தைப் பார்த்தான். பிள்ளை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தான். சிலம்பரசன் எழுந்து, ரஞ்சனியைத் தனியாகக் கூட்டிப் போனான்.

“கேம்ல நெட்டு இழுத்துக்கினே இருந்துச்சி. ஃபயர்வால ஆஃப் பண்ணா வேகமா வரும்னு வீடியோல ஒருத்தன் சொன்னான். அதான் ஆஃப் பண்ணி, கேமுக்குன்னு ரெண்டு மூணு வழியயும் தெறந்து வுட்டேன். யாரும் திரும்ப ஆன் பண்ணக் கூடாதுன்னு பாஸ்வேர்டயும் மாத்தினேன்.”

“ஃபயர்வால்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?”

“தெர்ல” என்றான் மெதுவாக.

“வாசல் கேட்டு மாதிரி அது. நாம கூப்பிட்டதத்தான் உள்ள வுடும். கூப்பிடாம வர்றவன வெளியவே நிறுத்திடும். நீ கேட்டயே கழட்டிப் போட்டுட்ட. எந்த ஊர்க்காரனோ உள்ள பூந்துட்டான்.”

சிலம்பரசனுக்கு முகம் வெளுத்தது. “சித்திக்குத் தெரிஞ்சா?”

“வேலைய வுட்டுடும்.”

அந்த நேரம் பார்த்து பழைய போன் அலறியது. அம்மா! டீ நேரம் வந்துவிட்டது. கேமராவில் இருட்டைப் பார்த்திருப்பாள்.

“ஏன்டி, கேமரா இன்னா ஆச்சி? கலை எங்க? நீ எங்க கீற?” அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

சிலம்பரசன் கையெடுத்துக் கும்பிட்டான். ‘கரண்டு இல்லன்னு சொல்லு’ என்று உதட்டை அசைத்தான். ரஞ்சனிக்கும் அது சுலபமாகத்தான் பட்டது. ஆனால் பொய் சொல்லி அம்மாவை நிம்மதியாக இருக்க வைத்து என்ன பயன்?

“அம்மா, கேமராவுக்குள்ள யாரோ வெளியாளு வந்துட்டான். பேசினான். நான் ஒயர பிடுங்கிட்டேன். இப்ப ஒண்ணும் இல்ல. நாங்க சகாயராணி அக்கா வூட்டுக்குப் போறோம்.”

அந்தப் பக்கம் அம்மா யாரிடமோ “சூப்பர்வைசர் எங்க?” என்று கேட்டாள். அப்புறம், “பர்மிஷன் போட்டுட்டு வந்துர்றேன்டி. இன்னியோட இந்த வேலைக்கு ஒரு கும்புடு” என்றாள்.

“வராதம்மா! எப்பவும் போல கம்பெனி பஸ்சுல வா. நீ வர்றதுக்குள்ள சரி பண்ணி வெக்கிறேன். வந்து பாரு. அப்புறம் நீயே முடிவு பண்ணு.”

“உன்னால ஆவுமா?”

“ஆவும்.”

ஆகுமா என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

சகாயராணி அக்கா வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். வைஃபை அந்தச் சுவர் தாண்டியும் நன்றாகக் கிடைத்தது. சிலம்பரசன் பாஸ்வேர்டைச் சொல்ல, ரவுட்டரின் பக்கம் திறந்தது. இதுவரை யார் யார் உள்ளே வந்து போயிருக்கிறார்கள் என்று ஒரு வரிசை வந்தது. ரயில் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. அப்பா, அம்மா, டிவி தவிர பாதிப் பேர் யாரென்றே தெரியவில்லை.

முதலில் ஃபயர்வாலை ஆன் செய்தாள். கேமுக்காக சிலம்பரசன் திறந்துவிட்டிருந்த வழிகளை அவன் கையாலேயே ஒவ்வொன்றாக அடைக்க வைத்தாள். அவன் ஓடிப்போய்க் கேமராவை மறுபடி செருகிவிட்டு வந்ததும், வாங்கியதிலிருந்து மாற்றாமலே கிடந்த அதன் பாஸ்வேர்டையும் மாற்றினார்கள். கடைசியாக வைஃபை பாஸ்வேர்டு. அதை மாற்றிவிட்டால் தெருவே வெளியே போய்விடும்.

“மாத்து, எல்லாரையும் தொரத்து” என்றான் கலை. அவனுக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது.

ரஞ்சனி நிமிர்ந்தாள். சகாயராணி அக்கா மடியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் மரியதாஸ் கத்தாரில் இருக்கிறார். தினம் இந்த நேரத்துக்கு வீடியோவில் வருவார். குழந்தை பிறந்து இன்னும் கையில் தூக்காதவர்.

“என்னால உங்களுக்குத் தொல்லைனா நான் ரீசார்ஜ் கார்டு போட்டுக்கிறேன்மா” என்றாள் சகாயராணி. அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“இருங்கக்கா.”

ரஞ்சனி திரையைத் தடவித் தடவித் தேடினாள். ‘கெஸ்ட்’ என்று ஓர் இடம் இருந்தது. விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை. நெட் கிடைக்கும், ஆனால் வீட்டுக் கேமராவையும் டிவியையும் தொட முடியாது. வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றினாள்; கெஸ்ட்டுக்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு வைத்து, சகாயராணியின் போனில் அவளே போட்டுக் கொடுத்தாள். உடனே மணி அடித்தது. திரையில் மரியதாஸ் சிரித்தார். குழந்தை போனை நக்கப் போனது.

“எனக்கு?” என்று கேட்டான் சிலம்பரசன்.

“மொதல்ல போயி பேனர அவுத்துட்டு வா. நடந்தத அம்மாகிட்ட நீயே சொல்லு. அப்புறம் அம்மா குடுத்தா வாங்கிக்க.”

பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள் அம்மா. முதலில் கலையைத் தூக்கித் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். சிலம்பரசன் சுருட்டிய பேனரை அக்குளில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னான். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அவனுக்கு அதுதான் பெரிய திட்டாக இருந்தது.

ரஞ்சனி அம்மாவின் போனிலும் புதுப் பாஸ்வேர்டைப் போட்டு, ரவுட்டரின் வரிசையைக் காட்டினாள். “பாரும்மா. இது உன் போன், இது டிவி, இது கேமரா, இது இந்தப் பழைய போன். வேற யாரும் இல்ல.”

“திரும்ப எவனாவது வந்தா?”

“இந்த வழியா வர முடியாது. வேற வழி இருந்தா தேடிப் புடிச்சி அடைப்போம். இப்ப ரவுட்டருக்கு நீ ஒரு பாஸ்வேர்டு போடு. எனக்கும் சொல்லாத. யாருக்கும் சொல்லாத.”

ரஞ்சனி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கலையையும் திருப்பினாள். பின்னால் அம்மா ஒவ்வோர் எழுத்தாக அழுத்தும் சத்தம் கேட்டது. வேலையைப் பற்றி அம்மா இன்னும் ஒரு முடிவும் சொல்லவில்லை.

“இதுல வேற இன்னாலாம் பண்ணலாம்?” என்றாள் அம்மா.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே கேள்விதான். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், ரஞ்சனி காட்டிக்கொண்டே இருந்தாள்.

திங்கள் காலையில் கண் விழித்தபோது அம்மா குளித்து, கம்பெனி கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். ரஞ்சனி போர்வைக்குள்ளேயே ஒரு குதி குதித்தாள்.

சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து, பழைய போனில் ஒரு பேய்ப்பட வீடியோ போட்டாள். சரியாகப் பேய் கதவைத் திறக்கும் இடத்தில் படம் நின்றது. நெட் இல்லையா? இல்லையே, டிவியில் கலையின் கார்ட்டூன் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. ரவுட்டருக்குள் போய்ப் பார்க்கலாமென்றால் பாஸ்வேர்டு அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். கையிலிருந்த போன் அடித்தது. டீ நேரம்.

“ஏன்டி, வீடியோ நின்னுச்சா?”

“நின்னுச்சும்மா” என்றாள் ரஞ்சனி, அழாத குறையாக.

“அப்போ அந்தப் போனுக்கு டைம் பூட்டு சரியாத்தான் போட்டுருக்கேன். கணக்கு நோட்ட எட்து வெச்சிக்கினு ஒக்காரு. எனக்கு இருவது பேரு காத்துக்கினு கீறாங்க” என்று போனை வைத்தாள் லைன் லீடர்.