நேராகத் தெரிந்தவன்

தொலைநோக்கியில் மலையடிவாரம் தலைகீழாகத் தொங்கியது. அதில் பிழையில்லை, வெள்ளைக்காரர்கள் கிரகணம் பார்ப்பதற்காக இந்தக் குன்றின்மேல் நிறுத்திவிட்டுப் போன பித்தளைக் கருவி அது, எதையும் கவிழ்த்துத்தான் காட்டும். பனைகள் கவிழ்ந்து நின்றன, ஏரியூர் ரோட்டில் மினி பஸ் கவிழ்ந்து ஓடியது. ஒற்றையடிப் பாதையில் ஓர் ஆள் மட்டும் நேராக நின்றான்.

பானுமதி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். நாளை பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள் என்று பகல் முழுக்கத் தனியாளாக லென்சுகளைத் துடைத்து மாட்டியிருந்தாள். வௌவால் எச்ச நாற்றமும் பித்தளை பாலீஷ் வாடையும் தொண்டையில் ஒட்டியிருந்தன, இடுப்பு விட்டுப்போயிருந்தது. அசதிதான், வேறொன்றுமில்லை.

மறுபடி பார்த்தாள். வாட்ச்மேன் சின்னராஜ் தண்ணீர்க் கேனோடு பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தார், கண்ணாடியில் எல்லாவற்றையும் போலத் தலைகீழாக. அவருக்குப் பின்னால் அவன், நேராக. இதில் நேராகத் தெரிகிறவன், அங்கே மண்ணில் எப்படி இருப்பான்? தலை கீழே. கால்கள் வானத்தில். அப்படியேதான் மலையேறுகிறான்.

போனை எடுத்துச் சின்னராஜைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, உங்க பின்னாடி யாராச்சும் வர்றாங்களா?”

சின்னராஜ் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவன் நின்றான்.

“ஒருத்தரையும் காணமுங்களே மேடம். ஏனுங்க?”

“சீக்கிரம் ஓடியாங்கண்ணே.”

“முட்டி வலியோட எங்கீங்க ஓடறது?” என்று சிரித்தார். பாதை ஒரு பாறைக்குப் பின்னால் வளைந்தது. இருவரும் மறைந்தார்கள்.

பாறைக்கு இந்தப் பக்கம் ஒருவர்தான் வந்தார். நீலச் சட்டை. கையில் கேன். சின்னராஜ்.

நேராகத் தெரிந்தார்.

பானுமதி ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். வெளிச்சம் மங்கியிருந்தது. கற்படிகளில் சத்தம் ஏறி வந்தது. செருப்புச் சத்தமில்லை. கல்லில் தேங்காயைத் தட்டுவது போல.

டொக்.

டொக்.

கதவருகில் நின்றது.

“மேடம், தண்ணி கொண்டாந்துட்டேனுங்க. கதவத் தொறங்க.”

அவர் குரலேதான். அதே மூச்சிரைப்பு. ஆனால் தரையோரத்திலிருந்து வந்தது.

அவள் மெல்லக் குனிந்தாள். கதவுக்கடியில் நல்ல இடைவெளி. பாதங்கள் இல்லை. நரைத்த தலைமுடி மண்ணில் பரவிக் கிடந்தது. அதற்கு மேலே நெற்றி. நெற்றிக்கு மேலே இரண்டு கண்கள்.

அவளைப் பார்த்ததும் அவை சிரித்தன.