பாடகனின் தம்பி

"அந்த ஏதியோவ... நித்துதீங்கதா?"

மரத்துப்போன உதட்டோடு, பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருந்தவன் ரேடியோவைத்தான் சொல்கிறான் என்று நர்ஸுக்குப் புரிந்தது. சுருக்கென்று கோபம் வந்தது.

ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டைப் பாடியவன் இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பள்ளி நாட்களில் அக்காவும் இவளும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு, போர்வைக்குள் ஒளிந்து கேட்ட குரல் அது...

"ஊரே அவருக்காக அழுதுட்டிருக்கு. உங்களுக்குப் பாட்டு கேட்டா குடையுதா?"

வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். இமையோரம் ஈரம். வலிக்கிறது போல என்று நினைத்தாள்.

உள்ளே வந்த டாக்டர்தான் ரேடியோவை நிறுத்தினார். அவன் கிளம்பியதும் மெதுவாகச் சொன்னார்.

"அது யாரு தெரியுமாம்மா? பாடகரோட கூடப்பொறந்த தம்பி. லிஃப்ட் மெக்கானிக்."

அவளுக்கு முகம் வெளிறிப்போனது. குடையை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடினாள். வாசலில் மழைக்கு ஒதுங்கி, கன்னத்தைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"மன்னிச்சிடுங்க... சத்தியமா தெரியாது."

"பவால்ல..."

அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான், பாதி வாயால். அந்தக் கண்கள்... மழையில் கழுவி வைத்த மாதிரி அப்படியொரு கண்கள்! ஒரே குடையில் பஸ் ஸ்டாப் வரை நடந்தார்கள்.

அதன் பிறகு பல்லைக் காட்ட வரும்போதெல்லாம் கீழே டீக்கடையில் உட்கார்ந்தார்கள். அவள் பாடகனைப் பற்றியே கேட்டாள். அவன் சொன்னான். அண்ணன் பாத்ரூமில் பாடிக்கொண்டே டேங்க் தண்ணீரை முழுக்கக் காலி பண்ணுவான், அப்பா கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்துபோவார்...

"அப்புறம்? அப்புறம்?"

ஒருநாள் அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"எல்லாரும் என் முகத்துல அவனைத்தான் தேடுறாங்க. நீங்களுமா? நான் என்ன வேலை செஞ்சிட்டு வர்றேன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

உண்மை சுட்டது. வீம்பு முந்திக்கொண்டது.

"அப்படித் தோணினா இனிமே வராதீங்க!"

அவன் வரவில்லை.

ஆனால் மனசு சும்மா இருந்ததா? ஒரு டீயை ஊது ஊதென்று ஊதுகிறவன், சிரிப்பு வந்தால் கீழே குனிந்துகொள்கிறவன்... எந்தப் பாட்டிலும் இல்லாதவனாக அவன் நினைவில் வந்து நின்றான்.

பாடகனின் நினைவுக் கூட்டத்துக்கு அக்காவோடு போனாள். அரங்கம் முழுக்க செல்போன் வெளிச்சம். அக்காவும் இவளும் போர்வைக்குள் கேட்ட அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் கூட்டம் சேர்ந்து பாடியது. முன்வரிசையிலிருந்து அவன் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறியதை அவள் பார்த்தாள். எழுந்தாள்.

"ஏய், நம்ம பாட்டுடி!"

"நீ கேளுக்கா."

வெளியே தூறல். சுவரோரம் நின்றிருந்தான்.

"உள்ள போங்க. உங்க ஆசைப் பாட்டாச்சே..."

"இன்னிக்கு எந்த லிஃப்ட்டைப் பார்த்தீங்க?"

அவன் திகைத்துப் பார்த்தான்.

"ஒரு துணிக்கடை. கதவு மூடாம அடம் பிடிச்சுது..." குரல் உடைந்தது. "அண்ணன் தினமும் போன் பண்ணுவான். 'டேய், இன்னிக்கு எவனாவது மாட்டிக்கிட்டானா?'ன்னு கேட்டுச் சிரிப்பான். இப்ப... கேக்க யாரும் இல்ல."

அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"நான் கேக்குறேன்."

"தினமுமா?"

"தினமும்."

"அவனுக்காகவா?"

"அவர் பாட்டு எனக்கு உயிர். அதை மறைக்க மாட்டேன்." நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். "ஆனா அந்தப் பாட்டைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்தது... உங்களுக்காக. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களைத்தான்."

அவன் கீழே குனிந்துகொண்டான்.