கண்டுக்காதீங்க

“பதினேழு” என்றாள் கணக்கு மிஸ்.

“வரல மிஸ்!” வகுப்பே கோரஸாகச் சொன்னது.

பதிவேட்டிலிருந்து தலையை எடுக்காமலே கட்டத்தில் ஒரு சிவப்புச் சுழியைப் போட்டாள். முப்பத்தொன்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொரு முகமாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் பாடத்தை எப்போது நடத்துவது? எண்ணைச் சொன்னால் குரல் வரும், பேனா ஓடும். காது போதும். வருடக்கணக்காக இப்படித்தான் செய்துவருகிறாள், ஒரு குறையும் வந்ததில்லை.

ஆனால் அன்று பதினெட்டு என்று சொல்ல வாயெடுக்கும்போது, ஜன்னல் கம்பிகளில் மழை தட்டும் ஓசைக்கும் மின்விசிறியின் கிறீச்சுக்கும் நடுவே, ஈரக் காலுறைகளின் நாற்றம் மண்டிய அந்த அறையின் ஏதோ ஒரு மூலையிலிருந்து, தொண்டைக்குள்ளேயே சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு குரல் கேட்டது.

“உ… உள்ளேன் மிஸ்.”

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

“யார் பேசினது?”

“யாரும் பேசல மிஸ்.”

மூன்றாவது வரிசை, ஜன்னலோர பெஞ்சு. நால்வர் உட்காரும் பெஞ்சில் மூவர் இருந்தார்கள். அதில் என்ன அதிசயம்? ஒருத்தி வரவில்லை, அவ்வளவுதானே. இருந்தாலும் மிஸ்ஸுக்கு ஏதோ உறுத்தியது. பக்கத்தில் ஒருத்தர் இல்லையென்றால் இந்த வயசுப் பிள்ளைகள் காலை அகட்டி, பையைப் பரப்பி, பெஞ்சையே பட்டா போட்டுக்கொள்வார்கள். இந்த மூவரோ அந்த ஓரத்தில் இருவர், இந்த ஓரத்தில் ஒருத்தி என்று முழங்கையை ஒடுக்கிக்கொண்டு, நடுவில் சரியாக ஓர் ஆள் இடத்தை விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மதிய இடைவேளையில் அலுவலக அண்ணன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்.

“மிஸ், உங்க கிளாஸ் பதினேழாம் நம்பர் பதினோரு நாளா ஆப்சென்ட். அம்மாவுக்குப் போன் பண்ணேன். ‘தினமும் நான்தானே அனுப்பிவைக்கிறேன்’னு சண்டைக்கே வந்துட்டாங்க. சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு வர்றாங்களாம், நீங்களே பேசிக்குங்க. என்னை மாட்டிவிடாதீங்க.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். மிஸ் பதிவேட்டைத் திறந்து பதினேழுக்கு நேரே இருந்த சுழிகளை எண்ணினாள். காலையில் கேட்ட அந்தத் திக்கல். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்குப் பேச்சு திக்கும். வகுப்பு அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்திருந்தது. அவள் எழுந்து பதில் சொன்னால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சு வரை கொரகொரவென்று ஒலியெழுப்பி, தங்கள் காதையே திருகி ஸ்டேஷன் மாற்றுவார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் கரும்பலகை பக்கத்தில் நின்று அவள் தேம்பித் தேம்பி அழுதபோது மிஸ்ஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேசையைத் தட்டிக் கத்தினாள்.

“இன்னிக்கே கடைசி! கேலி பண்றது, பார்த்துச் சிரிக்கிறது, ஒண்ணும் கூடாது. இனிமே இந்த கிளாஸ்ல யாரும் அவளைக் கண்டுக்கவே கூடாது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மிஸ்!”

எவ்வளவு உற்சாகமாகச் சொன்னார்கள். மறுநாளிலிருந்து ஒரு சத்தமில்லை. ஒரே அதட்டல், கப்சிப் என்று ஆசிரியர் அறையில் பெருமைகூட அடித்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வாசலில் வந்து நின்று, “மி… மிஸ், யா… யாருமே என்னை…” என்று ஆரம்பித்தாள். மிஸ்ஸின் முன்னால் விடைத்தாள்கள் மலையாகக் குவிந்திருந்தன. “நீயும் அவங்களைக் கண்டுக்காம இரும்மா, தானா சரியாயிடும்” என்றாள். அப்போதும் மிஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று கடைசி வகுப்பு மிஸ்ஸுடையது. வீட்டுப்பாட நோட்டுகளை மேசையில் வைக்கச் சொன்னாள். தலைகளை எண்ணினாள். முப்பத்தெட்டு. நோட்டுகளை எண்ணினாள். முப்பத்தொன்பது.

அடியில் இருந்த நோட்டின் அட்டையில் பதினேழு என்று இருந்தது. திறந்தாள். இன்றைய தேதி, ஐந்து கணக்குகள், ஐந்தும் சரி. அதற்குக் கீழே, பென்சிலில், எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘மிஸ், நான் வந்திருக்கேன்.’

முந்தைய பக்கத்தைத் திருப்பினாள். அதே வரி. அதற்கு முந்தைய பக்கத்திலும் அதே வரி. பதினோரு நாள், பதினோரு வரி. இன்றையதைத் தவிர ஒவ்வொன்றுக்கும் கீழே சிவப்பு மையில் மிஸ்ஸின் கையெழுத்து. அவளே திருத்தியிருக்கிறாள். அவளே போட்டிருக்கிறாள். படிக்கவில்லை.

நோட்டை மூடாமலே மூன்றாவது பெஞ்சுக்குப் போனாள். நடுவில் விட்டிருந்த இடத்தில் மரப்பலகைதான் தெரிந்தது. குனிந்தாள். தேங்காய் எண்ணெய் வாசனை. ஈரமான தலைமுடியின் வாசனை.

“பசங்களா” என்றாள். “நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. வாபஸ் வாங்கிக்கறேன். அவகூடப் பேசுங்க. எல்லாரும் பேசுங்க.”

முப்பத்தெட்டு முகங்களும் அவளைப் பார்த்தன. குறும்பு இல்லை. நடிப்பு இல்லை.

“யார்கூட மிஸ்?”

ஜன்னலோரத்துப் பெண் மட்டும் அழ ஆரம்பித்தாள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்காருபவள். ஒரு காலத்தில் சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்துகொண்டவள்.

“முதல்ல விளையாட்டுக்குத்தான் மிஸ் பண்ணோம். கண்டுக்காத விளையாட்டு. யார் பார்க்கறாங்களோ அவங்க அவுட்டு.” மூக்கை உறிஞ்சினாள். “இப்ப நான் நிஜமாவே பார்க்கணும்னு பார்க்கறேன் மிஸ். தெரிய மாட்டேங்குது.”

மணி அடித்தது. பிள்ளைகள் பைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். மிஸ் நகரவில்லை. தாழ்வாரத்துக் கூச்சல் படிப்படியாகத் தேய்ந்தது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. பெஞ்சு லேசாகக் கிறீச்சிட்டது.

அவளுடைய சுண்டுவிரலை ஏதோ பற்றியது.

சின்னக் கை. ஜில்லென்று இருந்தது. கத்த வேண்டும்போல இருந்தது, கத்தவில்லை. பயத்தில் பல் கிட்டித்துக்கொண்டது. அழுகையும் வந்தது.

“வா” என்றாள். “அம்மாகிட்ட போலாம்.”

படியிறங்கினாள். மைதானத்தைக் கடந்தாள். கை கூடவே வந்தது. எதிரில் வந்த டிரில் மாஸ்டர், “என்ன மிஸ், கை சுளுக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மாவுக்குத் தெரியும் என்று மிஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா? அவள் ஒருத்தி பார்த்துவிட்டால் போதும்.

பஸ் நிறுத்தத்தில் குடையோடு அம்மா நின்றிருந்தாள். தோளில் பெரிய பை, கண்ணில் தூக்கக் கலக்கம். ஏதோ ஷிப்ட் முடித்து வந்தவள்.

“கணக்கு மிஸ்ஸா? போன்ல கொஞ்சம் கத்திட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. எங்க மிஸ் அவ?”

“இதோ” என்றாள் மிஸ். கையைத் தூக்கிக் காட்டினாள். “இதோ இருக்கா.”

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள்.

“எங்க?”

“நல்லாப் பாருங்கம்மா. உங்க பொண்ணு. ப்ளீஸ், பாருங்க.”

அம்மாவின் நெற்றி சுருங்கியது. எதையோ ஞாபகப்படுத்திக்கொள்கிறவள் மாதிரி உதட்டைக் கடித்தாள்.

“ஸ்கூல்ல யாரும் பேசலன்னு தினமும் ஒரே புலம்பல் மிஸ். வேலை விட்டு வந்த அலுப்பு எனக்கு. நானும் எவ்வளவுதான் கேக்கறது? கண்டுக்காம விட்டுட்டேன். காலையில டப்பாவைக் கட்டி வெச்சா போதும், எடுத்துட்டுப் போயிடுவா.” பஸ் வரும் பக்கம் பார்த்தாள். “இப்பல்லாம் வீடு ரொம்ப அமைதியா இருக்கு.”

மிஸ்ஸின் விரலிலிருந்து பிடி விலகியது.

பஸ் வந்தது. வந்த காரியமே மறந்தவள்போல அம்மா குடையை மடக்கினாள். அவள் தோள்பையின் வார் பின்பக்கமாக விறைத்து நீண்டது. யாரோ இழுக்கிற மாதிரி. விடாமல். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. எதிலோ மாட்டிக்கொண்டது என்று நினைத்தவள்போல வெடுக்கென்று இழுத்தாள். வார் விடுபட்டது. ஏறிவிட்டாள்.

“அம்மா! நில்லுங்க! பொண்ணு!” மிஸ் கத்தினாள்.

கதவு மூடியது. பஸ் நகர்ந்தது.

சாலையில் தேங்கியிருந்த தண்ணீரில் சளக் என்று ஒரு சத்தம். சளக். சளக். பஸ்ஸின் பின்னால் ஓடியது. தண்ணீர் தெறித்தது. வேகமாக. இன்னும் வேகமாக. பஸ் திரும்பியது. மறைந்தது.

சத்தம் நின்றது.

நிறுத்தத்தில் பிள்ளைகள் குடைக்குள் நின்றார்கள். ஒருவர்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சளக்.

திரும்பி வந்தது. மெதுவாக. மிஸ்ஸை நோக்கி.

ஓட வேண்டும் என்று தோன்றியது. கையை நீட்ட வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டும் முடியவில்லை. கை மரத்துப்போய் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எதிரே, ஓரடி தூரத்தில், மழை தரைக்கு வராமல் நடுவிலேயே உடைந்து சிதறியது. அவள் இடுப்புக்குச் சற்று மேலே ஒரு தலையின் வட்டம். இரண்டு தோள்கள். அண்ணாந்த முகம். மழைத்துளிகள் அதன்மேல் பட்டுப் பட்டுக் கன்னங்களில் வழிந்தன. வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

மழை விட ஆரம்பித்தது.