உரசிய பிரேக்கும் கடைசியாக வந்த அக்காவும்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அருகே, மைதானத்தில் ஒலிபெருக்கி அலறியது.

"மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி! எல்லாரும் கோட்டுக்கு வாங்க!"

ஞானேஸ்வரி ஓடிப்போய்த் தன் சைக்கிளைப் பிடித்தாள். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுகளில் அவளுக்கு உயிரே இந்தப் போட்டிதான். கடைசியாக வந்து சேருபவருக்குத்தான் இதில் வெற்றி. ஆனால் கால் தரையில் பட்டால் அவ்வளவுதான்! போன வருடம் அவள் புறப்பட்டதுமே கால் ஊன்றிவிட்டாள். ஊரே சிரித்தது. அதனால் இந்த வருடம் விழுந்து விழுந்து பழகியிருந்தாள்.

சைக்கிளைத் தள்ளினாள். சர்ர்... சர்ர்... முன்சக்கரம் முரண்டு பிடித்தது.

"ஐயோ! காலையில நல்லாத்தானே ஓடுச்சு!"

குனிந்து பார்த்தாள். முன் பிரேக்கின் இடதுபக்கக் கட்டை ரிம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வலதுபக்கக் கட்டையோ நன்றாக விலகி நின்றது.

"மெதுவாப் போற போட்டிதானே? பிரேக் தானாப் பிடிச்சா உனக்கு நல்லம்தானே!" என்று சிரித்தான் லாபிர். போன வருடம் வென்றவன் அவன்தான்.

"சக்கரம் நின்னா நான் விழுந்திடுவேன், லாபிர்!"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. பிரேக்கை மறுபக்கம் தள்ளிப் பார்த்தான். கையை எடுத்ததும் அது பழையபடி சாய்ந்தது.

"கட்டையைக் கொஞ்சம் தேய்ச்சு விடுவமா?"

"வேணாம். தேய்ச்சது திரும்ப வராது. முதல்ல எது கோணல்னு பார்ப்போம்."

லாபிர் சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தான். ஞானேஸ்வரி சக்கரத்தைச் சுற்றினாள். வளைந்த சக்கரம் என்றால் ஓரிடத்தில் மட்டும்தான் உரசும். இது சுற்று முழுக்க உரசியது. முன்சக்கரத்தைத் தாங்கும் இருபக்கக் கம்பிகளுக்கும் நடுவில் அது சரியாக நிற்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி.

"சக்கரம் நேராத்தான் இருக்கு. பிரேக்கைத்தான் எதுவோ இழுக்குது!"

காலைப் பூசையில் போட்ட செவ்வந்தி மாலை சைக்கிளின் முன்பக்கத்தை மூடியிருந்தது. அதை விலக்கினாள்.

உள்ளே ஓர் எலுமிச்சம்பழம்! மஞ்சள் நூலால், பிரேக்கின் வலதுபக்கத்தையும் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து யாரோ இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"அக்கா, பார்த்துட்டியா!" தம்பி அழகர் துள்ளிக்கொண்டு ஓடிவந்தான். "நான்தான் கட்டினேன்! நீ ஜெயிக்கணும்னு சாமிகிட்ட வச்சு எடுத்தது. விழாம இருக்க நல்லா இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கேன்!"

லாபிர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஞானேஸ்வரி அவன் காலை மிதித்தாள். அவளுக்கும் கோபம் மூக்கு நுனிவரை வந்ததுதான். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"அருமையான பழம்டா! ஆனா மாலைக்குள்ள ஒளிஞ்சிருந்தா யாருக்குத் தெரியும்? முன்னால கட்டுவோம், வா."

பல்லால் முடிச்சை அவிழ்த்தாள். டக்! பிரேக் தன் இடத்துக்குத் திரும்பியது. இரண்டு கட்டைகளும் ரிம்மிலிருந்து ஒரே அளவு விலகி நின்றன. சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது. அழகரே பழத்தை ஹேண்டிலின் நடுவில் கட்டினான்.

விசில் ஒலித்தது!

எறும்பு வேகத்தில் சைக்கிள்கள் நகர்ந்தன. ஒவ்வொருவராகக் கால் ஊன்றினார்கள். கடைசியில் மிஞ்சியது லாபிரும் ஞானேஸ்வரியும்தான். அவள் பிரேக்கை மெல்லத் தொட்டாள், விட்டாள், மறுபடி தொட்டாள். லாபிர் ஆடினான், அசைந்தான், சமாளித்தான். முடிவுக் கோட்டை நெருங்கும்போது அவன் சைக்கிள் ஒருபக்கம் சாய, தொப்பென்று கால் ஊன்றினான்!

ஞானேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து கோட்டைத் தாண்டினாள். கைதட்டல் ஆற்றுக்கு அப்பாலும் கேட்டிருக்கும்!

அழகர் மைதானம் முழுக்க ஓடி ஓடிக் கத்தினான்:

"எங்க அக்காதான் கடைசி! எங்க அக்காதான் கடைசி!"