உள்ளான்கள் விலகிய இடம்

எண்ணிக்கை நானூற்றுப் பத்தைத் தொட்டபோது, எண்ணும் கருவியை அழுத்திக்கொண்டிருந்த அவளுடைய கட்டைவிரல் நின்றுவிட்டது. சேற்றுவெளியில் நெருக்கியடித்து மேய்ந்துகொண்டிருந்த உள்ளான் கூட்டத்தின் நடுவே ஒரு வட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. இருபதடி அகலம் இருக்கும். உள்ளே வெறும் சேறு, வேறொன்றுமில்லை. ஆனாலும் ஒரு பறவைகூட அதற்குள் கால் வைக்கவில்லை. மேய்ந்துகொண்டே விளிம்புவரை வந்து, யாரோ அதட்டியதுபோல ஒதுங்கிப் போயின.

பருந்து வந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பும். நாய் வந்தால் ஒரே பக்கமாக ஓடும். இப்படி வட்டமாக விலகி வழிவிடுவது ஆள் நடந்தால் மட்டும்தான். பதினொரு வருடமாக, பறவைகள் வந்திறங்கும் பருவத்தில் இந்தக் கடலோரச் சரணாலயத்தின் மரக் குடிலில், நீளவாக்கில் பிளந்த இதே ஜன்னலுக்கு முன்னால் தொலைநோக்கியும் குறிப்பேடுமாகத் தவம் கிடந்தவளுக்கு இதுகூடவா தெரியாது. அதோ, மணல்திட்டை நோக்கி அவள் கணவன் நடந்துகொண்டிருந்தான்; அவனைச் சுற்றியும் அச்சு அசலாக அப்படியொரு வட்டம். அவன் பூச்சிக் கணக்கெடுப்பவன். காலையில் திட்டில் வைத்த மஞ்சள் கிண்ணங்களில் விழுந்து கிடக்கும் ஈ, வண்டுகளை வடிகட்டி எடுத்துக்கொண்டு, கடல் ஏறுவதற்குள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

அவள் வாக்கி-டாக்கியை எடுத்தாள். "என்னங்க, உங்களுக்குப் பின்னாடி யாராவது வராங்களா?"

அவன் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. "யாருமில்லையே. ஏன்?"

"பறவைங்க விலகுது."

"கணக்குப்பிள்ளைக்குக் கண்ணு பூத்துப்போச்சு. ஒரு வாய் தண்ணி குடி." கல்யாணமான நாளிலிருந்து அவன் கூப்பிடும் பட்டப்பெயர் அது. வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பாள்.

காலி வட்டம் நகர்ந்தது. அவன் நடந்தால் நடந்தது. அவன் கிண்ணத்துக்குக் குனிந்தால் நின்றது. குடிலுக்குள் ஊறிய பலகையின் வாடையும் எலிப்புழுக்கை நாற்றமும் வழக்கம்போலத்தான் இருந்தன; பின்பக்கம் நாணலில் சில்வண்டுகள் ஓயாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தன; வெயில் இறங்கிச் சேறு முழுக்கத் தகரம்போல மினுங்கியது. அந்த மினுக்கத்தில் இரண்டு வட்டங்களுக்கும் இடையே இருந்த பறவைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்ததை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"போதும், வந்துடுங்க. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ரெண்டே கிண்ணம்தான் பாக்கி."

இரண்டு வட்டங்களும் ஒட்டிக்கொண்டன. அவன் திட்டுக்குப் பின்னால் குனிந்தான். முதுகு மறைந்தது. அவள் பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள். பிறகு அவன் எழுந்தான், பையைத் தோளில் மாட்டினான், குடிலைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது அவளுக்கு. அசட்டுத்தனமாகப் பயந்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, விட்ட எண்ணிக்கையைத் தொடரத் தொலைநோக்கியைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

பறவைகள் விலகவில்லை.

அவன் நடந்து வந்தான். உள்ளான்கள் அவன் காலடியிலேயே மேய்ந்தன. ஒன்று அவன் இரு கால்களுக்கும் நடுவே புகுந்து, அவசரமில்லாமல் சேற்றைக் கிளறியது. அவன் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. திட்டின்மேல் வட்டம் அப்படியே இருந்தது. ஒரே ஒரு வட்டம். அதற்குள் யாருமில்லை.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"ஏய், அது யாரு போறது? என் சட்டையப் போட்டுக்கிட்டு?" அவள் கணவனின் குரல். மூச்சு வாங்கியது. நடந்து வருகிறவனின் கருவி இடுப்பில்தான் தொங்கியது. அவன் வாய் அசையவில்லை.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"திட்டு மேலதான். கால எடுக்க முடியல. உள்ள இழுக்குது. நீ என்னப் பாக்கறியா இல்லையா?"

"உங்களத் தெரியலையே" என்றாள்.

"கைய ஆட்டறேன், பாரு."

வட்டத்தின் விளிம்பில் நின்ற பறவைகள் துள்ளிப் பின்வாங்கின. மறுபடியும். மறுபடியும்.

அவள் எழுந்தாள். நாற்காலி சாய்ந்தது. குடிலிலிருந்து சேற்றுவெளிக்கு இறங்க ஒரே வழி, பின்பக்க நாணலுக்குள் போட்ட பலகைப் பாதை. அதில் காலடி கேட்டது. ஆள் யார் நுழைந்தாலும் சட்டென்று அடங்கிவிடும் சில்வண்டுகள். இப்போது அடங்கவில்லை. காலடி நெருங்கியது. சில்வண்டுகள் பாடின. காலடி வாசலில் நின்றது. அவை பாடிக்கொண்டே இருந்தன.

அவள் கதவில் முதுகை முட்டுக்கொடுத்தாள். கதவு அவளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு திறந்தது. அவசரமில்லாமல்.

அவன் முகம்தான். அதே தழும்பு, அதே இரண்டு நாள் தாடி. பையை வழக்கமான ஆணியில் மாட்டினான். அவள் கழுத்திலும் கையிலும் அந்திக் கொசு மொய்த்தது. அவன்மேல் ஒன்றுகூட உட்காரவில்லை.

"தண்ணி ஏறிருச்சு. கெளம்பலாமா?" என்றான்.

"வழிய விடுங்க."

அவன் வாசலை விட்டு அசையவில்லை. கையை மட்டும் நீட்டினான். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாக்கி-டாக்கியை வாங்கினான். "இடுப்பு வரைக்கும் பொதைஞ்சுட்டேன். யாரையாவது கூப்பி..." என்று அதற்குள்ளிருந்து அவள் கணவன் கத்திக்கொண்டிருந்தான். இவன் குமிழைத் திருகினான். சத்தம் நின்றது.

பிறகு அவளைத் தாண்டிப் போய் ஜன்னல் பலகையை இறக்கத் தொடங்கினான். அவள் ஓடிப்போய் இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிப் பிடித்தாள்.

"கை நசுங்கிடும்மா" என்றான், கரிசனமாக.

பலகை இறங்கியது. ஒரு சாண். நாலு விரல். ஒரு விரல். அந்த இடுக்கில், ஏறிவரும் தண்ணீருக்கு நடுவே, திட்டின்மேல் மிஞ்சியிருந்த பறவைகள் துள்ளிப் பின்வாங்கின. மறுபடியும் பின்வாங்கின.