கசாம்கபார்

யுரோப்பா நிலவின் குடியிருப்பில் யாரையாவது பார்த்து "சௌக்கியமா?" என்று கேட்டால் பதில் இரண்டாக வரும். வாய் "நல்லாயிருக்கேன்" என்னும். கேட்டவரின் காதுக்குள் பொருத்திய உட்பொருள்மானி, "முழங்கால் வலி. மருமகள் மேல் வருத்தம். பேச்சை முடிக்க விருப்பம்" என்று மெல்லிய குரலில் சேர்த்துச் சொல்லும். இதற்கெல்லாம் அங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆவுடை மட்டும் கோபித்துக்கொண்டாள். மகள் கல்யாணத்துக்குத் தானே நின்று சமைத்தவள் அவள். பந்தியில் அவளுடைய சிநேகிதி வடிவு, "ஏட்டி, சாப்பாடு பிரமாதம்!" என்றாள். ஆவுடையின் காதுக்குள் மானி, "சாம்பாரில் உப்பில்லை" என்றது. வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போனவள்தான், பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பிடாதவளையும் வடிவு தினமும் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

இன்று மதியக் கப்பலில் ஆவுடை மகளோடு சனி மண்டலத்துக்குப் போகிறாள். போனால் திரும்ப முடியாது. மனசு கேட்காமல் வடிவு கப்பல்துறைக்கு ஓடினாள்.

"ஏட்டி, நான் அன்னைக்கு மனசாரத்தான் சொன்னேன்."

ஆவுடை காதைத் தொட்டுக்கொண்டாள். "பொய்யின்னு சொல்லுது. போற நேரத்துலயுமா?"

கப்பல் கதவு திறந்தது. அப்போதுதான் வடிவுக்குப் பாளையங்கோட்டையில் படித்த ஏழாம் வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது. கடைசி பெஞ்சு, பூகோள டீச்சரின் முதுகு, அசைக்கு அசை ஒரு 'க' வைத்து இவர்கள் இருவரும் வருஷம் முழுக்கப் பேசிய க-பாஷை. டீச்சருக்குக் கடைசிவரை ஒன்றும் புரியவில்லை. எவ்வளவு நல்ல காலம் அது!

"கசாம்கபார் கநல்கலா கஇகருந்கதுச்கசு" என்றாள் வடிவு.

சாம்பார் நல்லா இருந்துச்சு. மானி சற்றுத் திணறி, "பொருள் இல்லை" என்று ஆவுடையிடம் சொல்லிவிட்டு ஓய்ந்தது. வடிவு சொன்னது சுத்தப் பொய் என்று ஆவுடைக்குத் தெரியும். ஆனாலும் கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கஉப்கபு கபோகட கமகறந்கதுட்கடேன்."

உப்பு போட மறந்துட்டேன். வடிவு திகைத்துப்போய் க-பாஷையையும் விட்டுவிட்டாள்.

"அடிப்பாவி! உனக்கு எப்பத் தெரியும்?"

"வாளியில ஊத்தும்போதே தெரியும். ஒருத்தராச்சும் நல்லாருக்குன்னு சொல்லிர மாட்டாங்களான்னுதான் பரிமாறிக்கிட்டே நின்னேன்" என்றாள் ஆவுடை.

சேர்த்துச் சொல்ல மானியிடம் ஒன்றும் இருக்கவில்லை.